முப்பதாவது நிமிடம்

எங்கள் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் புதிதாகச் சேரும் பொறியாளருக்குக் கொடுக்கும் முதல் வேலை, உட்கார்ந்திருப்பது. பதினொரு மணிக்குக் காற்றூட்டும் தொட்டியிலிருந்து ஒரு லிட்டர் எடுத்து, கோடு போட்ட கண்ணாடி ஜாடியில் ஊற்ற வேண்டும். முப்பது நிமிடம் தொடக் கூடாது. பழுப்புச் சேறு மெல்ல அடியில் இறங்கும். எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதைப் பதிவேட்டில் எழுத வேண்டும். அழுக்கைத் தின்னும் உயிர்கள் அந்தச் சேற்றில்தான் இருக்கின்றன. எண் கூடினால் வால்வைத் திறந்து கொஞ்சம் சேற்றை வெளியேற்றுவோம். குறைந்தால் வால்வைத் தொட மாட்டோம்.

அந்த அரை மணி நேரத்தில் என் மனைவி போன் செய்வாள்.

"ஊரே உக்காந்து எழுந்து போயிடுச்சு. நீ இன்னும் உக்காந்துக்கிட்டு இருக்கியா?"

தினமும் இதே கேலி. தினமும் சிரிப்பேன். கடைசியில் எண்ணைக் கேட்பாள்.

"இருநூத்தி எண்பது."

"பாஸா?"

"பாஸ்."

"அப்ப சாப்பிடப் போ. கைய ரெண்டு தடவை கழுவு."

ஒரு செவ்வாய்க்கிழமை போன் வரவில்லை. தூங்குகிறாள் என்று நினைத்தேன். முப்பது நிமிடமும் ஜாடியை விட்டு நகரவில்லை. இருநூற்று எழுபது என்று எழுதிவிட்டுத்தான் அவளைக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வீட்டுக்கு ஓடினேன். குளியலறை வாசலில் கிடந்தாள். தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்திருந்தது. கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் என்று மருத்துவர் ஆரம்பித்தார். முடிக்கவில்லை.

பதினேழாம் நாள் வேலைக்குத் திரும்பினேன். வீட்டில் மாமியார் அழுதுகொண்டிருந்தார். நான் அழாததைப் பார்த்து இன்னும் அழுதார்.

ஜாடியில் ஊற்றினேன். பத்தாவது நிமிடம் எழுந்துவிட்டேன். சேறு பாதிதான் இறங்கியிருந்தது. ஐந்நூறு என்று எழுதினேன். மறுநாளும் பத்து நிமிடம். அதற்கடுத்த நாளும். தெரிந்தே செய்தேன் என்று சொல்ல முடியாது. தெரியாமல் என்றும் சொல்ல முடியாது.

"சேறு கூடிப்போச்சே சார்" என்று ஆபரேட்டர் வால்வை அதிக நேரம் திறந்துவைத்தார். வாரா வாரம் சேற்றை உலர்த்தி எடைபோடும் ஆய்வகத்து அம்மாவுக்கு அந்த மாதம் அடுப்பு பழுது. என் எண் மட்டும்தான் இருந்தது.

நான் வேலைக்குத் திரும்பிய இருபத்தோராம் நாள் காலை ஆபரேட்டர் ஓடிவந்தார்.

"சார், தொட்டி சோப்புப் போட்டுக் குளிக்குது. வந்து பாருங்க."

நடைபாதைக் கம்பி வரை வெள்ளை நுரை. கடைசித் தொட்டியில் தெளிவாக இருக்க வேண்டிய தண்ணீர் அரிசி களைந்த தண்ணீர் மாதிரி இருந்தது. ஆய்வக அம்மா வேறு இடத்தில் அடுப்பு இரவல் வாங்கி எடைபோட்டார்.

"மூணுல ஒரு பங்குகூட இல்ல. யாரு இப்படி வழிச்சு ஊத்துனது?"

அவர் பார்த்தது ஆபரேட்டரை.

செயற்பொறியாளர் பதிவேட்டைப் புரட்டினார். எண்கள் ஒழுங்காக இருந்தன. வால்வை இரவெல்லாம் திறந்துபோட்டுத் தூங்கியிருக்கிறார் என்று ஆபரேட்டருக்கு மெமோ கொடுத்தார். மூன்று நாளில் பதில் எழுத வேண்டும். இல்லையென்றால் சஸ்பென்ஷன்.

ஆபரேட்டர் மெமோவை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"எனக்கு இந்த மாதிரி எழுத வராது சார். நீங்க படிச்சவரு. நான் தூங்கலைன்னு நல்ல வார்த்தையா எழுதிக் குடுங்க. உங்க எண்ணுக்கு உண்டான நேரத்துக்கு மேல ஒரு நிமிஷம் திறந்ததில்ல. உங்களுக்கே தெரியும்."

எனக்குத் தெரியும். அந்த மாதக் கடைசியில் நான் நிரந்தரம் ஆக வேண்டும் என்பதும் தெரியும்.

வெள்ளைத் தாளை எடுத்தேன். வைத்துவிட்டுப் பதிவேட்டை எடுத்தேன். இருபது எண்களுக்குப் பக்கத்திலும் 'பத்து நிமிடம்' என்று எழுதி, ஒவ்வொன்றிலும் கையெழுத்துப் போட்டேன். அவர் எட்டிப் பார்த்தார். புரிய ஒரு நொடி ஆனது.

"அடப் பாவி மனுஷா" என்றார். அதுவரை என்னை சார் என்று மட்டும்தான் கூப்பிட்டிருந்தார்.

பிறகு, "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. ஜாடி பக்கத்துல நான் உக்காந்திருப்பேனே. எனக்கென்ன, இருபது வருஷமா உக்காந்துதான சம்பளம் வாங்குறேன்."

பதிவேட்டைச் செயற்பொறியாளர் மேஜையில் கொண்டுபோய் வைத்தேன். காரணம் கேட்டார். உட்கார முடியவில்லை என்றேன். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. மெமோவை ரத்து செய்தார். என் தகுதிகாண் காலம் ஓராண்டு நீண்டது.

அடுத்த நாள் வேறொரு நிலையத்திலிருந்து லாரியில் உயிருள்ள சேறு வந்தது. இன்னும் இரண்டு லாரி வர வேண்டும். தொட்டி தேற ஒரு மாதம் ஆகும் என்றார் ஆய்வக அம்மா.

பதினொரு மணிக்கு ஆபரேட்டர் ஜாடியைக் கழுவிக் கொண்டுவந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு அவரே உட்காரப் போனார்.

"குடுங்க அண்ணா. நானே உக்கார்றேன்."

"முழுசா?"

"முழுசா."

அவர் கொஞ்ச தூரம் போய், எண்ணெய் போட வேண்டாத பம்புக்கு எண்ணெய் போட ஆரம்பித்தார்.

போனை மேஜைமேல் வைத்தேன். பத்தாவது நிமிடம் பாதி எழுந்துவிட்டேன். மறுபடி உட்கார்ந்தேன். பதினைந்து. இருபது. சேறு இறங்கியது. இருபத்தைந்தில் கோடுகள் மங்கின. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன்.

முப்பது. நூற்றுப் பத்து. எழுதினேன்.

"எவ்வளவு சார்?" என்று பம்பிலிருந்து குரல் வந்தது.

"நூத்திப் பத்து. ஃபெயில்."

"சரி. சாப்பிட வாங்க."

குழாயடிக்குப் போனேன். கையை ஒரு தடவை கழுவினேன். பிறகு இன்னொரு தடவை.