சுவரைப் பார்த்த கதவு

சீக்கியர்கள் வழிபடும் அந்தக் குருத்வாராவின் மேற்குக் கதவைத் திறந்தால் ஒரு சாண் தள்ளிச் செங்கல் சுவர். வெளியே போகப் பூனைக்குக்கூட வழியில்லை. தலையில் துப்பட்டாவும் கையில் அளவு டேப்புமாக அவள் அங்கேயே நின்றுவிட்டாள்.

எதைப் பார்த்தாலும் நீளம் அகலம் கேட்பதால் வீட்டில் அவளுக்குப் பெயரே ‘டேப்பு’தான். பெயர் வைத்தவன் கான்ட்ராக்டர் அண்ணன். அவன் கட்டுவான், அவள் வரைபடம் போடுவாள். இப்போது கையிலிருப்பது குருத்வாராவின் சமையற்கூடத்தைப் பெரிதாக்கும் வேலை. நகராட்சிப் பொறியாளர் ஒரே ஒரு குறை சொல்லியிருந்தார். தீப்பிடித்தால் ஜனங்கள் அந்த மேற்குக் கதவை நம்பி ஓடிச் சுவரில் முட்டிக்கொள்வார்கள். அதற்கு வெளியே வழி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் செங்கல் வைத்து அடைக்க வேண்டும். நாளைக் காலை வரைபடம் போகாவிட்டால் அனுமதி கிடையாது.

“அடைச்சுட்டதா ஒரு கோடு போடு, வீட்டுக்குப் போகலாம். அதுக்கு எதுக்கு இவ்வளவு ஆராய்ச்சி?” என்றான் அண்ணன்.

“போகவே வழியில்லாத இடத்துல யாருண்ணே கதவு வைப்பாங்க?”

“வச்சவனைத்தான் கேக்கணும். அவன் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷமாச்சு.”

அண்ணனுக்கு எல்லாவற்றுக்கும் பதில் உண்டு, வேலைக்கு ஆகிற பதில்தான் இருக்காது. அவள் குனிந்து வாசற்படிக் கல்லைத் தடவிப் பார்த்தாள். நடுவில் நன்றாகத் தேய்ந்து குழிந்திருந்தது. சுவரைப் பார்த்து நிற்கும் கதவுக்குப் படி எப்படித் தேயும்? ஒரு காலத்தில் ஜனங்கள் இந்த வழியாகச் சாரிசாரியாக நடந்திருக்கிறார்கள். அதைக் கண்டுபிடித்ததும் அவளுக்கு அண்ணன், பொறியாளர், நாளைக் காலை எல்லாம் மறந்துபோயிற்று.

கதவுகளைத் திறந்து மூடும் பொறுப்பு சாவிக்கார அக்காவிடம் இருந்தது. இடுப்பில் சாவிக்கொத்தும் முகத்தில் சிரிப்புமாகத் திரிகிற அந்த அம்மாள் இன்று சிரிக்கவில்லை.

“இது முன்னாடி மரக்கிடங்கு,” என்றார் அக்கா. “எங்க மாமனாரும் இன்னும் சில தச்சர்களும் சேர்ந்து வாங்கினாங்க. மாடியை எடுத்துட்டுக் குவிமாடம் வச்சாங்க. எங்க புனித நூல் குரு கிரந்த சாகிப் இருக்கற இடத்துக்கு மேல யாரும் நடக்கக் கூடாதில்லையா? கூடத்தையும் தெருவைவிடத் தாழ்வா வச்சாங்க. எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் ரெண்டு படி இறங்கித்தான் உள்ள வரணும்.”

“கதவு?”

“நாலு பக்கமும் நாலு. எந்தத் திசையிலேர்ந்து யார் வந்தாலும் வரலாம்னு அர்த்தம். மூணாயிட்டா, ஒரு பக்கத்து ஆளுங்களை வேண்டாம்னு சொன்ன மாதிரி ஆயிடும்மா.” அக்கா மேற்குக் கதவின் பலகையைத் தடவினார். “இதைக் கையால செஞ்சது எங்க மாமனார்தான். குருத்வாரா கமிட்டி அடைக்கச் சொல்லிடுச்சு. சமையற்கூடமும் வேணுமே, நான் என்ன சொல்ல முடியும்?”

சுவருக்கு அந்தப் பக்கம் மெத்தைக் கடை. நடுவில் முன்பு ஒரு சந்து இருந்ததாம். அது கடைக்காரருக்குச் சொந்தம். கடையில் வேலை பார்த்தவர்கள் எல்லாரும் அந்த வழியாக வந்து, லங்கரில், அதாவது வருகிறவர்களுக்கெல்லாம் சோறு போடும் பந்தியில், உட்கார்ந்து சாப்பிட்டுப் போவார்களாம். பிறகு பழைய முதலாளி கிடங்கை நீட்டிச் சந்து வழியை மூடிவிட்டார்.

“நீங்க கேக்கலையா?”

“அவங்க இடம், அவங்க கட்டினாங்க. கேட்டா நல்லாயிருக்காதுன்னு மாமனார் சொல்லிட்டார். நம்ம கதவை நாம திறந்து வைப்போம், அவ்வளவுதான்னார். இன்னிக்கு வரைக்கும் விடியக்காலையில மத்த மூணோட இதையும் திறந்துட்டுத்தான் இருக்கேன்.”

மரியாதைக்கும் ஓர் அளவு வேண்டாமா! டேப்புக்குச் சிரிப்பு வந்தது. நேராக மெத்தைக் கடைக்குப் போனாள்.

இப்போதைய கடைக்காரர், பழைய முதலாளியின் மகன், பஞ்சுத் தூசிக்கு நடுவே விடாமல் தும்மிக்கொண்டிருந்தார். மாடியில் குடியிருப்பு, கீழே வியாபாரம். பக்கத்துக் கட்டடத்தையும் நகராட்சிப் பொறியாளர் கேட்ட வழியையும் பற்றி அவள் சொன்னதும் அவர் முகம் சுருங்கியது.

“நான் அங்க கால் வச்சதேயில்ல. எங்கப்பா மழைக்குப் பயந்து கிடங்கை நீட்டிச் சும்மா ஒரு சுவர் எழுப்பினார். அதுக்குக் கோவிச்சுக்கிட்டுக் கதவை அடைச்சுட்டாங்க. அத்தனை நாள் பழக்கம், ஒரு வார்த்தை கேட்டிருந்தா இடிச்சிருப்பேன்னு சாகற வரைக்கும் சொல்லிட்டிருந்தார்.”

“அடைச்சுட்டாங்கன்னு யார் சொன்னது?”

“யார் சொல்லணும்? தினம் விடியக்காலையில இரும்புத் தாழ்ப்பாளை இழுத்துப் போடுவாங்க. என் படுக்கைக்குக் கீழதான் சத்தம். சாயங்காலம் இங்க பஞ்சு அடிக்கற இரைச்சல்ல எதுவும் கேக்காது. ஆனா காலையில ஒரு நாள் தவறினதில்ல. அப்பா அதைக் கேட்டுக் கேட்டே நொந்து போனார்.”

அவளுக்குப் புல்லரித்துவிட்டது. சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தாள், அடக்கிக்கொண்டாள். சொன்னால் மனிதர் நம்பமாட்டார்.

“நாளைக்குக் காலையில அந்தப் பக்கம் நின்னு கேக்கறீங்களா?”

“எதுக்கு?”

“சும்மா வாங்களேன். பிடிக்கலைன்னா என்னைத் திட்டிட்டுப் போங்க.”

அண்ணனிடம் வரைபடத்தைத் தரவில்லை. “காலையில தர்றேன்,” என்றாள். “ஆபீஸ் திறக்கறதுக்குள்ள தரலைன்னா உன்னை அந்தக் கதவுலயே வச்சுப் பூசிடுவேன்,” என்றான் அவன். செய்யக்கூடியவன்தான்.

விடிந்தும் விடியாமலும் கடைக்காரர் வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, தலையில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, அந்த இரண்டு படியையும் தயங்கித் தயங்கி இறங்கினார். சாவிக்கார அக்கா அவரைப் பார்த்துக் கைகூப்பினார். கிழக்கு, வடக்கு, தெற்கு என்று ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டு மேற்குக்கு வந்தார். தாழ்ப்பாளைப் பிடித்து இழுத்தார். கடகடவென்று ஓடி, டங்கென்று நின்றது.

“இதேதான்!” என்றார் கடைக்காரர். “இதே சத்தம்தான்.”

அக்கா கதவின் இரண்டு பலகைகளையும் உள்பக்கமாக அகலத் திறந்து வைத்தார். எதிரே கடைக்காரரின் சொந்தச் சுவர், பூச்சுக்கூட இல்லாமல் நின்றது.

அவர் கையை நீட்டித் தன் சுவரைத் தொட்டார்.

“திறக்கற சத்தமா இது?” என்றார். “அப்பா போறதுக்கு முந்தின நாள்கூடக் கேட்டாரே. ‘பாரு, இன்னிக்கும் சாத்தறாங்க’ன்னாரே.” கைக்குட்டையைத் தலையிலிருந்து உருவிக் கண்ணைத் துடைக்கப்போனவர், இடம் நினைவுக்கு வந்து கையாலேயே துடைத்துக்கொண்டார்.

வரைபடத்தை வாங்க வந்து வாசலில் முறைத்துக்கொண்டிருந்த அண்ணன் பக்கம் திரும்பினார். “நீங்கதானே கான்ட்ராக்டர்? சந்து எவ்வளவு அகலம் இருந்தா அந்த ஆபீசர் ஒத்துக்குவார்?”

எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருக்கும் அண்ணன் தங்கையைப் பார்த்தான்.

அவள் டேப்பின் ஒரு முனையை அண்ணன் கையில் கொடுத்துவிட்டு, மறுமுனையோடு மெத்தைக் கடைக்கு ஓடினாள்.