மொட்டச்சியைத் தூக்கி வந்தது தப்பு

1

இந்தக் கதை என் மனைவியிடமிருந்து திருடியது. "ஏங்க, நம்ம கோழிங்க ஒண்ணையொண்ணு கொத்திப் பிடுங்குதுங்க, வந்து பாருங்க" என்று கூப்பிட்டாள். நான் போகவில்லை. மேஜையில் உட்கார்ந்து முதல் வரியை எழுத ஆரம்பித்துவிட்டேன்.

பொன்னிற வெயில் கூண்டுக் கம்பிகளில் வழிந்துகொண்டிருந்த அந்த அதிகாலையில்

(வேண்டாம். அப்போது உச்சி வெயில், மண்டையைப் பிளந்தது.)

அதிகாரம் என்பது எப்போதும் முதுகிலிருந்தே தொடங்குகிறது.

(இதை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். "யாரு முதுகுல?" என்றாள். அடித்துவிட்டேன்.)

2

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்குப் பின்னால் வலையடித்த கூண்டில் ஆறு பெட்டைக்கோழிகள். அதில் கறுப்பாக, கொழுகொழுவென்று இருப்பவளுக்கு என் மனைவி வைத்த பெயர் சூப்பர்வைசர். அவளிடம் கொத்து வாங்குகிறவள் மொட்டச்சி. முதுகில் ஓர் இறகு இல்லை, தோல் சிவந்து கிடந்தது. சூப்பர்வைசர் ஒரு கொத்து கொத்தினால் போதும், மற்ற நான்கும் ஓடிவந்து ஆளுக்கொரு கொத்து. மொட்டச்சி தீவனத் தட்டுப் பக்கமே வருவதில்லை. இப்படியே விட்டால் செத்துப்போவாள்.

என் மனைவி தையல் கம்பெனியில் காலர் தைக்கிறவள். இப்போது லீவு போட்டு வீட்டில் இருக்கிறாள். அங்கே ஒரு நிஜ சூப்பர்வைசர் அம்மா உண்டு. திரும்பி வேலைக்குப் போவதா, ஒரேயடியாக விட்டுவிடுவதா என்று அவளுக்கு யோசனை. அது இந்தக் கதையில் வராது.*

* வராது என்றால் வராது. ஒரு கதைக்கு ஒரு கோழி போதும்.

3

எழுத்தாளன் என்ன செய்வானோ அதைச் செய்தேன். மொட்டச்சியை அட்டைப்பெட்டியில் வைத்து என் அறைக்குத் தூக்கி வந்தேன். பாவமாக இருந்தது என்பது உண்மை. கண்ணீர் இருக்கிற பக்கம்தான் கதை இருக்கும் என்ற தொழில்புத்தியும் உண்மை.

அவள் என் கையெழுத்துப் பிரதியின் மேல் எச்சமிட்டாள். (இவ்வளவு மனம் திறந்து பேசிய விமர்சகரை நான் கண்டதில்லை.) புண் ஆறியதும் பெருமையோடு கூண்டில் கொண்டுபோய் விட்டேன். ஐந்தும் ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்தன. பிரித்து எடுப்பதற்குள் முதுகெல்லாம் ரத்தம்.

"கதாசிரியரே, அவளக் கொன்னுடாதீங்க" என்றாள் மனைவி. அவள் குரல் உடைந்திருந்தது.

4

கால்நடை மருத்துவர் அம்மா வந்து பார்த்தார்.

"யார வெளிய எடுத்தீங்க?"

"அடி வாங்கினவள."

"ஏன் சார்?"

"பாவமா இருந்துச்சு."

"நல்லாப் பாவம் பாத்தீங்க போங்க. அவ இல்லாம மத்ததுங்க பழகிடுச்சு, திரும்பி வந்தா அவ அந்நியம். கொத்தறவள எடுங்க. கொஞ்ச நாள் தனியாக் கெடக்கட்டும். திரும்பி வரும்போது அவதான் புதுசு, கொஞ்சம் அடங்கி இருப்பா."

சிவப்பைக் கண்டாலே கோழிகள் கொத்துமாம்; புண்ணின் சிவப்புத் தெரியாமல் ஊதா மருந்து பூசச் சொன்னார். இன்னொரு தீவனத் தட்டு வைக்கச் சொன்னார். கொத்திப் பொழுதுபோக்க ஒரு கீரைக்கட்டைத் தொங்கவிடச் சொன்னார்.

"மத்த நாலும் கொத்துதுங்களே டாக்டர்?" என்றாள் மனைவி.

"அதுங்க அவளப் பாத்துக் கத்துக்கிச்சுங்க. அவ இல்லன்னா பாதி நின்னுடும். மீதி பழக்கம், மெதுவாத்தான் போகும்."

மருத்துவர் போனபிறகும் மனைவி கூண்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னையும் இப்படித்தாங்க எடுத்தாங்க. சூப்பர்வைசர் அம்மா எல்லாருக்கும் முன்னாடி வாய்க்கு வந்தபடி பேசறாங்கன்னு ஆபீஸ்ல போய்ச் சொன்னேன். 'உன் நல்லதுக்குத்தாம்மா'ன்னு என்னைத் தூக்கி நூல் வெட்டற மேஜைல போட்டாங்க. காலர் தைக்கிற கை இது."

(வராது என்று சொல்லியிருந்தேன். வந்துவிட்டது. என்னை மன்னியுங்கள், அல்லது என் மனைவியிடம் பேசிக்கொள்ளுங்கள்.)

5

கோழிக் கதைக்கு மூன்று முடிவுகள் வைத்திருந்தேன்.

அ. சூப்பர்வைசர் மனம் திருந்துகிறாள். (அவள் முகத்தைப் பார்த்தவர்கள் இதை நம்பமாட்டார்கள்.)

ஆ. மொட்டச்சி திருப்பி ஒரே ஒரு கொத்து கொத்த, கூண்டே நடுங்குகிறது. ("சினிமா" என்றாள் மனைவி.)

இ. சூப்பர்வைசர் குழம்பாகிறாள். ("இது வேணா நடக்கும்.")

நடந்தது வேறு. சூப்பர்வைசர் என் அறையில் கிடந்து ஊரைக் கூட்டினாள். கூண்டில் மொட்டச்சி வலையோரமாகவே நின்றாள். பிறகு ஒருநாள் இரண்டாவது தட்டுக்கு வந்தாள். ஒருத்தி கொத்தினாள். மொட்டச்சி நகர்ந்தாள், திரும்பவும் வந்தாள். மற்றவர்கள் தங்கள் பாட்டுக்குத் தின்றுகொண்டிருந்தார்கள். பிறகு சூப்பர்வைசரைக் கொண்டுபோய் விட்டபோது அவள் மூலையில் போய் நின்றுகொண்டாள்.

6

இதுவரை எழுதியதை மனைவி படித்தாள்.

"கோழி பொழச்சிடுச்சு. என்னை என்ன பண்ணப் போறீங்க?"

"நீ திரும்பிப் போற. ஜெயிக்கிற."

"வேணாங்க. நீங்க எழுதினா நான் ஜெயிச்சிடுவேன். படிக்கிறவங்க 'அப்பாடா'ன்னு மூடி வச்சிட்டுப் போயிடுவாங்க. என் கூட மெஷின்ல உக்காந்திருக்கறவங்களும் இதக் கதையாத்தான் படிப்பாங்க, எனக்காக வாய் தொறக்க மாட்டாங்க."

இன்று காலை கம்பெனிக்குக் கிளம்பிவிட்டாள். நூல் வெட்டும் மேஜைக்குப் போகமாட்டாளாம். காலர் மெஷினில் உட்காருவாளாம். எழுந்திரு என்றால், "மாத்தறதுன்னா அவங்கள மாத்துங்க" என்பாளாம். எனக்குப் பயமாக இருக்கிறது. வேலை போய்விடும் என்ற பயம் மட்டுமில்லை. அந்தத் தையல் கூடத்தில் ஒருவர்கூட அவளைப் பார்த்து அன்பாகச் சிரிக்கமாட்டாரோ என்ற பயம்.

ஆகவே முடிவு என் கையில் இல்லை. உங்கள் கையில்தான். உங்களை அந்தக் கூடத்தில் உட்காரவைக்கிறேன், அவளுக்குப் பக்கத்து மெஷினில். சூப்பர்வைசர் அம்மா கத்தும்போது நீங்களும் கூடச் சேர்ந்து சிரித்ததுண்டு. பரவாயில்லை, எல்லாரும்தான் சிரித்தார்கள்.

இதோ அவள் உள்ளே வருகிறாள். தன் மெஷினில் உட்காருகிறாள். அந்தம்மா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வருகிறார். கூடத்தில் ஒவ்வொரு மெஷினாகச் சத்தம் நிற்கிறது. அவள் உங்களைத் திரும்பிப் பார்க்கிறாள். நீங்கள்