பத்தாவது ஆள் சாப்பிட்டது

1

இந்தக் கதை ஒரு காலிப் படிவத்திலிருந்து வந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து என்னை ஒரு மாதிரி பார்க்க வேண்டாம்.

அக்கா உணவியல் படித்துவிட்டு ஒரு பெரிய மருத்துவமனையில் ஆறு மாதப் பயிற்சியில் இருக்கிறாள். பயிற்சி முடிய வேண்டுமானால் பத்து நோயாளிகளின் உணவுப் பதிவை ஒப்படைக்க வேண்டும். ஒரு நாள் முழுக்க ஒருவர் என்ன சாப்பிட்டார், எத்தனை மணிக்கு, எவ்வளவு என்று நேரம் போட்டு எழுதிய தாள்தான் உணவுப் பதிவு. அக்காவிடம் ஒன்பது இருந்தன. பத்தாவது ஆள் படிவத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனவர், போனவர்தான்.

(இதற்கு முன் இரண்டு தொடக்கங்கள் எழுதினேன். முதலாவது: "மருந்து வாசனை மிதக்கும் அந்த நீண்ட வராந்தாவில், வெள்ளைக் கோட்டு அணிந்த ஒரு". நான் அந்த மருத்துவமனைக்குள் போனதே இல்லை. மாட்டிக்கொள்வேன் என்று விட்டுவிட்டேன். இரண்டாவதில் அக்கா அழுதாள். அவள் அழுகிற ஆள் இல்லை, கதவை அறைகிற ஆள்.)

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா என் எதிரில் வந்து உட்கார்ந்து படிவத்தை என் பக்கம் தள்ளினாள்.

"நீதான் எப்பப் பாத்தாலும் எதையாவது எழுதிக்கிட்டே இருக்கியே. இதையும் எழுதிக் குடு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் நோட்டுகள் துணி அலமாரியில் ஒரு பழைய போர்வைக்குள் இருக்கின்றன. பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற நாளிலிருந்து, மூன்று வருடமாக, யாருக்கும் தெரியாமல் காப்பாற்றி வந்தேன். யாருக்குத் தெரியாது என்பதுதான் எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது.

2

பத்தாவது ஆளை ஒரு தையல்காரம்மாவாக வைத்தேன். வயது நாற்பத்தெட்டு, சர்க்கரை வியாதி. அக்கா கேட்டது சுலபமானது. காலையில் ரொட்டி இரண்டு துண்டு, மத்தியானம் ஒரு கப் சோறும் காயும், சாயங்காலம் சர்க்கரை இல்லாத டீ. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஆனால் பத்தரை மணிக்கு, கவுன் தைக்கக் கொடுத்தவள் ஒருத்தி பிறந்தநாள் கேக்கோடு வந்துவிட்டாள். நான் கூப்பிடவில்லை. அவளாக வந்தாள். தையல்காரம்மா வேண்டவே வேண்டாம் என்று சொல்லி வாங்கி வைத்துக்கொண்டாள். வந்தவள் தெருமுனை திரும்பியதும் துணி வெட்டும் கத்தரிக்கோலாலேயே கேக்கின் ஓரத்தை வெட்டினாள்.

10.40: கேக், தீப்பெட்டி அளவு.
10.45: வெட்டிய இடம் கோணலாக இருந்ததால், நேராக்க இன்னொரு துண்டு.
10.50: இப்போது மறுபக்கம் கோணல்.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: அளவு கேட்பதற்காக அக்காவின் பையில் ரப்பர் உணவுகள் இருக்கும். ரப்பர் முட்டை, ரப்பர் மீன், ரப்பர் ரொட்டி. நோயாளியிடம் காட்டி "இவ்வளவா, இதுக்கு மேலயா?" என்று கேட்க வேண்டும். அம்மா ஒருநாள் ரப்பர் ரொட்டியில் ஜாம் தடவிவிட்டாள். இது கதைக்குத் தேவையில்லை. ஆனால் நடந்தது.)

அக்கா படித்துப் பார்த்தாள். இப்படித் தின்றால் இந்தப் பொம்பளை சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிடுவாள் என்று முகத்தைச் சுருக்கினாள். இல்லாத ஒருத்திக்காக அவள் கவலைப்பட்டதில் எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துவிட்டது. வேறு எழுத நேரமில்லாமல் அதையே கொண்டுபோனாள்.

3

உணவியல் பிரிவின் தலைவிக்குப் பயிற்சிப் பெண்கள் வைத்திருக்கும் பெயர் தராசு. நான் பார்த்ததில்லை. அக்கா திரும்பிவந்து, கதவை அறைந்துவிட்டுச் சொன்னதைத்தான் எழுதுகிறேன். ஆகவே தராசின் மூக்குக்கண்ணாடி என் கற்பனை. பேச்சு நிஜம்.

முதல் ஒன்பது பதிவுகளையும் அவர் மேசையில் பரப்பினாராம். ஒன்பது பேரும், இன்னது சாப்பிடு என்று மருத்துவமனை கொடுக்கும் துண்டுத்தாளில் உள்ளதையே, அதே அளவில், அதே நேரத்தில் சாப்பிட்டிருந்தார்கள். ஒருவர் துண்டுத்தாளின் அச்சுப்பிழையையும் சேர்த்துச் சாப்பிட்டிருந்தார். பிறகு மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பத்தாவதை எடுத்து மேலே வைத்து, யார் இது என்று கேட்டாராம். தையல்காரம்மா என்று அக்கா சொன்னாளாம்.

"நெஜமான மனுஷங்க கேக்கை நேராக்குவாங்கம்மா. ஆனா அதை எழுத மாட்டாங்க."

சொல்லிவிட்டு, மற்ற ஒன்பதையும் ஒரு பக்கம் ஒதுக்கினாராம்.

"ஒன்பது பேரு உங்கிட்டப் பொய் சொல்லியிருக்காங்க, அப்படியே நம்பிட்ட. பத்தாவதுல உண்மை இருக்கு, ஆனா ஆளே இல்ல. இதுல எதை நம்பி உன்னை நான் வார்டுக்கு அனுப்பறது?"

வியாழக்கிழமை காலைக்குள் ஒரே ஒரு உண்மையான பதிவு வேண்டும். உயிரோடு இருக்கிற யாராக இருந்தாலும் சரி, வீட்டு ஆளானாலும் பரவாயில்லை. ஒருவரை உண்மை சொல்ல வைக்கத் தெரிந்தால் பயிற்சி முடிந்தது. தெரியாவிட்டால் ஆறு மாதமும் முதலிலிருந்து.

(தராசு சிரித்தாரா என்று அக்காவிடம் கேட்டேன். அந்த அம்மாவாவது சிரிக்கிறதாவது என்றாள். ஆனாலும் ஒரு வரைவில் சிரிக்க வைத்திருந்தேன். என் எழுத்தைக் கவனித்துப் படித்த முதல் ஆள். கொஞ்சம் சிரித்தால் என்னவாம்?)

4

புதன்கிழமை அக்கா முதலில் அம்மாவைக் கேட்டாள். ஜாம் விஷயத்துக்குப் பிறகு உன் வேலையில் நான் தலையிடுவதில்லை என்று அம்மா கழன்றுகொண்டாள். மீதி இருந்தது நான்.

நேற்று எழுந்ததிலிருந்து என்ன சாப்பிட்டாய் என்று அக்கா கேட்டாள். ரொட்டி இரண்டு, முட்டை ஒன்று, மத்தியானம் ஒரு கப் சோறு, அரைக் கப் காய், சாயங்காலம் டீ என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அக்கா எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"துண்டுத்தாளை ஒப்பிக்கற மாதிரி இருக்குடி."

ஆக மொத்தம் பத்துப் பொய்.

படிவத்தை என் மடியில் வைத்துவிட்டு, காலைக்குள் உண்மையை எழுதி வை என்று சொல்லிவிட்டுப் போனாள். கதவை அறையவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

உண்மை என்னவென்றால் (நோட்டை இப்போது வேறு இடத்துக்கு மாற்றிவிட்டேன்) நான் மத்தியானம் சாப்பிடுவதில்லை. பன்னிரண்டரையிலிருந்து மூன்று வரை வீட்டில் யாரும் இல்லை. எழுத எனக்கு இருப்பது அந்த இரண்டரை மணி நேரம்தான். சாப்பிட்டால் கண் சொக்கிவிடும். அதனால் அம்மா மூடி வைத்துவிட்டுப் போகிற சோறு, பின்பக்கச் சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டு நாய்க்குப் போகிறது. மூன்று வருடமாக.

நாய் இப்போது பீப்பாய் மாதிரி இருக்கிறது. போன மாதம் அந்த வீட்டு அத்தை அக்காவிடம் யோசனை கேட்டாள். அக்காவும் படித்ததையெல்லாம் திரட்டி நாய்க்கு ஓர் உணவு அட்டவணை போட்டுக்கொடுத்தாள். அளந்து அளந்து வைக்கிறார்களாம். ஒரு கிலோ கூடிவிட்டதாம். தன் படிப்பிலேயே ஏதோ கோளாறு என்று அக்கா இரண்டு நாள் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தாள்.

உண்மையைச் சொன்னால் அவளுக்குப் பயிற்சி முடியும். எனக்கு மத்தியானம் முடியும். அம்மா அப்புறம் தினமும் வேலையிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் ஓடிவந்து, நான் கடைசிப் பருக்கை தின்னும்வரை எதிரில் உட்கார்ந்திருப்பாள். அவளை எனக்குத் தெரியும்.

5

முடிவு அ: நான் உண்மையைச் சொல்கிறேன். அக்கா என்னைக் கட்டிக்கொண்டு "என் தங்கமே" என்கிறாள். [அடித்துவிட்டேன். அவள் அப்படிச் சொன்னால் ஜுரமா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன்.]

முடிவு ஆ: நாயைக் கொண்டுபோவது. உயிரோடு இருக்கிறது, பொய் சொல்லாது. [அடிக்க மனம் வரவில்லை.]

முடிவு இ: தையல்காரம்மாவே தராசின் அறைக்குள் நுழைந்து, "நான்தான் அது" என்று

இனி நடப்பது. இன்று வியாழன், காலை. படிவத்தை எழுதிவிட்டேன். மத்தியானக் கட்டத்தில்: "ஒன்றும் இல்லை. சோறு ஒரு கப், காய் அரைக் கப்: நாய்." தாளின் அடியில் "மேலே உள்ளது உண்மை" என்று அச்சடித்து ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். அந்தக் கோட்டின் மேல் என் கையெழுத்து விழாதவரை இந்தத் தாள் செல்லாது. அக்கா வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு நிற்கிறாள்.

"முடிச்சிட்டியா? பஸ் போயிரும்டி."

"ஒரு நிமிஷம்க்கா."

அந்த ஒரு நிமிஷத்தில்தான் உங்களோடு பேசிக்கொண்டிருக்கிறேன். வீட்டில் எழுதுகிற பேனா இது ஒன்றுதான். நீங்கள் படிக்கிறவரை நான் எழுதத்தான் வேண்டும், அது மரியாதை. நான் எழுதுகிறவரை பேனா அந்தக் கோட்டுக்குப் போகாது. ஆகவே முடிவு உங்கள் கையில். அக்கா தேற வேண்டும் என்றால் இங்கேயே நோட்டை மூடிவிடுங்கள். என் மத்தியானங்கள் பிழைக்க வேண்டும் என்றால் படித்துக்கொண்டே இருங்கள், நானும் பஸ் போகிறவரை எதையாவது எழுதிக்கொண்டே