திருத்தமாக ஒரு சொல்

"அந்தக் காது மெஷினக் கழட்டி வை. பொண்ணு பாக்கறவங்க வர்ற நேரமாச்சு."

சொன்னவள் குழந்தையின் அத்தை, தகப்பனுக்கு அக்காள். பெற்றவர்கள் போன பிறகு அந்த வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம். குழந்தையின் தாய் மகளை அணைத்தபடி நின்றாள்.

"அண்ணி, முழிச்சிருக்கற நேரமெல்லாம் காதுல இருக்கணும்னு டீச்சர் சொல்லியிருக்காங்க."

"டீச்சர் இங்க வந்து எட்டிப் பாக்கப் போறாங்களா? இவ காதுல இதப் பாத்தா, நாளைக்கு நமக்குப் பொறக்கற பிள்ளையும் இப்படித்தானேன்னு கேப்பாங்க. தங்கச்சிக்கு முப்பத்தொண்ணு ஆகுது. நான் என்ன பதில் சொல்ல?"

"ஒரு மணி நேரந்தானே, கழட்டிடேன்" என்றான் குழந்தையின் தகப்பன். இரண்டு பக்கமும் நல்ல பெயர் வாங்கப் பார்த்து, எந்தப் பக்கத்துக்கும் உதவாமல் போகிறவன் அவன்.

குழந்தைக்கு ஐந்து வயது. பிறவியிலேயே காது மந்தம். அவளைப் பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிப் போவதற்காகவே தாய் தையல் வேலையை விட்டாள். இரண்டு வருடமாகத் தினமும் இரண்டு பஸ் மாறிப் போகிறாள். வீட்டிலும் காலையில் அதே பாடம். அட்டையால் வாயை மறைத்துக்கொண்டு தாய் "ஆ" என்பாள், "ஊ" என்பாள். காதால் மட்டுமே கேட்டுத் திருப்பிச் சொன்னால் கைதட்டல். ஓசைகள் வந்துவிட்டன, ஆனால் ஒரு சொல்கூட இன்னும் முழுசாக வரவில்லை. "அம்மா" கூடப் பாதியில் நின்றுவிடும். "வீட்ல எல்லாரும் அவளோட பேசிக்கிட்டே இருங்க. கேட்டுக் கேட்டுத்தான் பேச்சு வரும்" என்று டீச்சர் சொல்லியிருந்தார். அந்த வீட்டில் தாயைத் தவிர யாரும் அவளோடு பேசுவதில்லை.

கருவியைக் கழற்றியதும் குழந்தை காதைத் தடவிப் பார்த்தது. படப் புத்தகத்தைக் கொடுத்து உள்ளறையில் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினார்கள்.

பெண் பார்க்க வந்தவர்களுக்குத் தங்கையைப் பிடித்திருந்தது. மாப்பிள்ளையின் அம்மா அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, தேதியைப் பற்றிக்கூடப் பேச்செடுத்தாள். அப்போதுதான் உள்ளேயிருந்து அலறல் வந்தது.

"ஆஆஆ! ஊஊஊ!"

குழந்தை தன் பாட்டுக்குப் பாடம் படித்தது. கருவி இல்லாமல் அதன் குரல் அதற்கே கேட்கவில்லை. கேட்கவில்லையே என்று இன்னும் உரக்கக் கத்தியது. மறைப்பதற்காகக் கழற்றினார்களே, அதுவே காட்டிக்கொடுத்துவிட்டது.

"உள்ள யாரு?" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா.

"பக்கத்து வீட்டுக் குழந்தை" என்றாள் அக்காள்.

தங்கை தலை நிமிர்ந்தாள். "எங்க அண்ணன் பொண்ணுங்க. காது சரியாக் கேக்காது."

"வீட்ல கலந்து பேசிட்டுச் சொல்றோம்" என்று எழுந்துகொண்டார்கள். கலந்து பேச வேண்டிய அத்தனை பேரும் அங்கேதான் இருந்தார்கள்.

தாய் உள்ளே ஓடினாள். குழந்தையை மடியில் வைத்துக் கருவியை மாட்டினாள். பின்னாலேயே அக்காள் வாசற்படியில் வந்து நின்று கத்தினாள்.

"பீடை! குடும்பத்தப் பிடிச்ச பீடை!"

தாயின் பக்கம் திரும்பியிருந்த குழந்தைக்கு அவள் முகம் தெரியவில்லை. காதால் மட்டுந்தான் கேட்டது. ஒரு கணம் யோசித்தது.

"பீடை" என்றது.

ஓர் எழுத்துகூடச் சிதையவில்லை. இரண்டு வருட உழைப்பில் அந்த வாயிலிருந்து முழுசாக வந்த முதல் சொல். சரியாகச் சொல்லிவிட்டேனா என்று சிரித்தபடி தாயை ஏறிட்டது. கைதட்டாமல் விட்டால் தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று நினைத்துக்கொள்ளுமே! கண்ணீர் வழிய வழியத் தாய் கைதட்டினாள்.

"இதுக்குப் போய்க் கை தட்டறியே, உனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா?"

"அவளுக்குக் கேக்குது அண்ணி" என்றாள் தாய். "நீங்க சொல்றதெல்லாம் இனிமே கேக்கும்."

கைதட்டல் கிடைத்த சந்தோஷத்தில் குழந்தை திரும்பி, அத்தையைப் பார்த்து, இன்னொரு முறை திருத்தமாகச் சொன்னது.