பன்னிரண்டில் எட்டு

ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் இருபத்தோரு வருடம் தோல் தரம் பார்த்த மோகனா, வேலையை விட்டபோது ஆறு லட்சம் கைக்கு வந்தது. அதில் ஒன்றரை லட்சத்தை அஃப்ரோஸிடம் போட யோசிப்பதாகச் சொன்னதும் தம்பி செந்தில்குமார் கத்தினான்.

அஃப்ரோஸ் அதே கம்பெனியில் இன்ஜினியராக இருந்தவள். தோலில் இருக்கும் கீறலையும் பூச்சிக்கடியையும் கேமராவால் கண்டுபிடிக்கும் மெஷின் செய்து, தனியாகக் கம்பெனி தொடங்கியிருந்தாள்.

"ஒரு மெஷின்கூட விக்கலியே! பேசாம மனை வாங்கிப் போடுக்கா."

"மொதல்ல பாக்கறேன்."

மறுநாள் வியாபாரி முக்தார் அகமதுவிடம் பழுதுள்ள பன்னிரண்டு கறுப்புத் தோல்களை இரவல் வாங்கி, தம்பியோடு அஃப்ரோஸின் ஷெட்டுக்குப் போனாள். மெஷின் எட்டில் பழுதைக் காட்டியது. நான்கை நல்ல தோல் என்றது. மோகனா அந்த நான்கிலும் பழுது இருந்த இடத்தில் விரல் வைத்துக் காட்டினாள்.

செந்தில்குமார் சிரித்தான். அஃப்ரோஸ் சிரிக்கவுமில்லை, சாக்கு சொல்லவுமில்லை. நான்கையும் நோட்டில் குறித்துக்கொண்டாள்.

"கறுப்புல உண்ணிக்கடி இன்னும் புடிபடலக்கா."

"கையில இருக்கற பணம் எத்தினி மாசம் வரும்?"

"ஏழு மாசம். அதுக்குள்ள ஆர்டர் வரலன்னா மூடணும். நீங்க போட்டது திரும்ப வராது."

"சரி, போடறேன். வாரத்துல மூணு நாள் நானும் வருவேன். எங்க பழுதுன்னு மெஷினுக்குக் காட்டறேன். அதுக்குச் சம்பளம் தனி."

அஃப்ரோஸ் தலையாட்டினாள்.

"இன்னாக்கா, பைத்தியமா? போச்சுன்னா எங்கிட்ட வந்து அழாத," என்றான் தம்பி.

"அழ மாட்டேன். இது போனாலும் எனக்குச் சோறு இருக்கு. பழைய கம்பெனில நான் வேணாம்னு தள்ளின தோல மேனேஜர் பாஸ் பண்ணுவான். சரக்கு திரும்பி வந்தா என்னத் திட்டுவான். நான் சொன்னத எழுதி வெச்சுக்கிட்டவ இவ ஒருத்திதான்."

ஆறாம் மாதம் ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலை ஒன்று மெஷினை மாத வாடகைக்கு எடுத்தது. வாங்கவில்லை. வாடகை, ஷெட்டின் செலவுக்கே சரியாக இருந்தது.

உறவுக்காரர் கல்யாணத்தில், பந்தியில் எல்லோர் காதிலும் விழும்படி செந்தில்குமார் கேட்டான்: "போட்ட பணம் வருமாக்கா?"

"தெரியாது," என்றாள் மோகனா, குரலைத் தாழ்த்தாமல். "என்னை யாரும் ஏமாத்தல. வராமப் போகலாம்னு தெரிஞ்சேதான் போட்டேன். அடுத்த வருஷம் இன்னும் கொஞ்சம் போடலாம்னு இருக்கேன்."