பாறை ஏறிப் பார்த்த மெனு

ஜவ்வாது மலையில் எது கெட்டாலும் பழியை டவர்மேல் போட்டுவிடலாம். வெற்றிவேலும் அதைத்தான் செய்தான். மகளிர் குழு சாமை விற்பதற்கு வெப்சைட் போட்டுக் கொடுத்தவன் அவன். போனில் திறந்தால் மெனுவே தெரியவில்லை என்று குழுத் தலைவி செல்லி வந்து சொன்னபோது தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"டவர் இல்லக்கா. பாறை மேல ஏறிப் பாருங்க."

பாவம், குழுப் பெண்கள் ஏறினார்கள். இரண்டு வாரம் ஏறி ஏறி இறங்கினார்கள். கம்ப்யூட்டர் படித்தவன் சொன்னால் சும்மாவா? வெற்றிவேல் ஐயாவின் லேப்டாப்பில் மெனு ஜம்மென்றுதான் இருந்தது.

இன்று காலை வேலூரிலிருந்து கடைக்காரர் கீதாஞ்சலி கூப்பிட்டார். இந்த வருஷச் சாமை மொத்தத்தையும் எடுத்துக்கொள்ள முன்வந்த ஒரே ஆள் அவர்தான்.

"மெனுவே காணோமேங்க, ஆர்டர் எங்க போட்றது? மதியத்துக்குள்ள சரி பண்ணலன்னா வேற எடத்துல வாங்கிக்கிறேன்."

வெற்றிவேலின் வாய் சும்மா இருக்குமா? "டவர் பிரச்சினைங்க."

"இன்னாங்க நீங்க? என் கட எதுர்லயே டவர் நிக்குது."

செல்லி பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். வெற்றிவேல் அசட்டுச் சிரிப்போடு போனை வைத்துவிட்டு, வாழ்க்கையில் முதன்முறையாக லேப்டாப்பில் பக்கத்தைப் போன் அகலத்துக்குக் குறுக்கினான். அடக் கடவுளே! மெனு திரையைத் தாண்டி வலப்பக்கம் ஓடிப்போயிருந்தது. அதைத் திறக்கும் மூன்று கோட்டுப் பட்டனோ லோகோவுக்கு அடியில் நசுங்கிக் கிடந்தது. லோகோவை அவ்வளவு பெரிதாக்கியது யார்? இவனேதான். அதன் மூலையில் 'வடிவமைப்பு: வெற்றிவேல்' என்று போட வேண்டாமா!

தன் தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொண்டான். முதலில் பெயரைத் தூக்கினான், லோகோவைச் சுருக்கினான், சின்னத் திரை என்றால் மெனு பட்டனுக்குள் மடங்கிக்கொள்ளும்படி செய்தான். இருபது நிமிஷ வேலை. செல்லியின் போனில் தட்டினால் மெனு அழகாக இறங்கியது. பதினொன்றரைக்குக் கீதாஞ்சலியின் ஆர்டரும் வந்தது.

"இன்னாப்பா, டவர் வந்துடுச்சா?" என்று செல்லி சிரித்தாள்.

ஆமாம் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். மனசு வரவில்லை. "டவர்லாம் ஒண்ணும் இல்லக்கா. தப்பு என்னுது."

செல்லியின் சிரிப்பு நின்றுபோனது.

"நாங்க இன்னா நெனச்சோம் தெரியுமா? எங்களுக்குத்தான் பாக்கத் தெரியலன்னு. நம்ம குழு மாணிக்கம்மா அவ போனத் தூக்கிப் பொட்டியில வச்சிப் பூட்டிட்டா. 'நம்ம மூஞ்சிக்கு இதெல்லாம் எதுக்குடி'ன்னு அழுதாப்பா."

திட்டு வாங்கத் தயாராக இருந்தவன் லேப்டாப்பை மூடினான். செருப்பை மாட்டிக்கொண்டு மாணிக்கம்மாள் வீட்டுக்கு நடந்தான்.