நாலாவது ப்ளக்

சுனாமிக்கு அடுத்து வந்த கோடை அது. கத்திரி முடிய இன்னும் ஒரு வாரம் இருந்தது. சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு அரசப்பனுடைய பிக்கப் வண்டி ஈ.சி.ஆர் ரோட்டிலிருந்து இறங்கி, தெரு நெடுக உதறிக்கொண்டே வந்து, வீட்டு முன்னால் இருந்த வேப்பமரத்து நிழலைத் தொடுவதற்குள் தானாகவே அணைந்துபோனது. ஓட்டிவந்த நடராசன் குதித்து இறங்கி, மிச்ச தூரத்தைத் தள்ளியே கொண்டுவந்து நிறுத்தினான்.

"இழுவையே இல்லண்ணா. சைக்கிள்காரன் என்னைத் தாண்டிப் போறான். பின்னால பாத்தா ஒரே கருப்புப் புகை."

வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்த அரசப்பன் எழுந்து வந்தார். வலது கையில் முழங்கை வரைக்கும் மாவுக்கட்டு. பத்து நாளுக்கு முன்னால் உப்பளத்து வரப்பில் தண்ணீர் டிரம்மை உருட்டும்போது வழுக்கி விழுந்து மணிக்கட்டு உடைந்துவிட்டது. அதிலிருந்து கூட வேலை செய்கிற நடராசன்தான் வண்டி ஓட்டுகிறான். அவனுக்கு ஓட்டத் தெரியும். பானெட்டைத் திறக்கச் சொன்னால் பயப்படுவான்.

"ஸ்பார்க் ப்ளக்தான்," என்றார் அரசப்பன். "ஏதோ ஒரு சிலிண்டர் வேலை செய்யல. சுப்ராயன் இருக்கானா பாத்தியா?"

"கடை பூட்டியிருக்குது. குலதெய்வம் கும்புடக் குடும்பத்தோட போயிருக்காராம். திங்கக்கெழமைதான் வர்றாராம்."

 அரசப்பனுடையது ராணுவத்துக்காரர்கள் ஏலம் விட்ட பெட்ரோல் வண்டி. சுற்றுவட்டாரத்தில் எல்லாரும் டீசல் வண்டிதான் வைத்திருந்தார்கள். மெக்கானிக் சுப்ராயனை விட்டால் மரக்காணத்தில் இதைத் தொட ஆள் கிடையாது. திங்கட்கிழமை வரை காத்திருக்கவும் முடியாது. விடிந்தால் ஐந்து மணிக்கு உப்பளத்துக்குக் குடிதண்ணீர் போயாக வேண்டும்.

அரசப்பனுடைய தொழிலே அதுதான். அளத்தில் எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர். மேற்கே ஏரிக்கரைப் பக்கம் இருக்கிற கிணற்றிலிருந்து பத்து டிரம் நல்ல தண்ணீர் ஏற்றி, காலையில் ஒரு நடை, மதியம் ஒரு நடை பாத்திகளுக்கு நடுவே கொண்டுபோய் இறக்குவார். அறுபது எழுபது பேர் அதைத்தான் குடித்தார்கள். அலை வந்து மண்ணடித்துப்போன பாத்திகளை மறுபடி மிதித்துக் கட்டியதில் அந்த வருஷம் உப்பு வாரத் தொடங்கியதே தாமதம். அதனால் ஞாயிற்றுக்கிழமைகூட லீவு இல்லை.

எந்த ப்ளக் என்று நடராசன் அவரிடம் கேட்டுக்கொண்டு சைக்கிளில் போய், ஸ்பேர்ஸ் கடையிலிருந்து நாலு புது ப்ளக் வாங்கிவந்து கட்டிலில் வைத்தான்.

"காலையில நாலரைக்கு வந்துடறேண்ணா. வண்டி ரெடியா இருந்தா எடுத்துக்கறேன்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். யார் ரெடி செய்வார்கள் என்று அவனும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை.

பக்கத்து வீட்டு கமலாம்பாள் படலுக்கு அந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் அளத்தில் உப்பு சுமக்கிறவள்.

"நாளைக்குத் தண்ணி வருமா, சுலோசனா?" என்று கேட்டாள்.

"பாக்கலாம்க்கா," என்றாள் அரசப்பனின் மனைவி சுலோசனா. ஜன்னலோரம் தையல் மெஷினில் உட்கார்ந்து ஜாக்கெட்டுக்குக் கை தைத்துக்கொண்டிருந்தாள்.

"வரலன்னா இப்பவே சொல்லிடு. நான் ஊட்லேருந்து ரெண்டு குடம் தூக்கினு போயிடறேன். போன வருஷம் ஒரு நாள் தண்ணி லேட்டாகி, ஒரு பொண்ணு பாத்தியிலயே மயங்கி விழுந்துட்டா. முகத்துல தெளிக்கக்கூட உப்புத் தண்ணிதான் இருந்துச்சு."

சுலோசனா மெஷினை நிறுத்தினாள். மிதியிலிருந்து காலை எடுத்து, ஊசியை மேலே ஏற்றி வைத்துவிட்டு, வெளியே வந்தாள்.

"ஏங்க, இதைக் கழட்டி மாட்ட என்ன வேணும்?"

"எதை?"

"ப்ளக்கைத்தான்."

அரசப்பன் சிரித்தார். "இது பாபின் மாத்தற மாதிரின்னு நெனச்சியா?"

"உங்களால ஒரு கையால முடியாது. எனக்கு ரெண்டு கை இருக்குது. நீங்க சொல்லுங்க, நான் பண்றேன்."

பதினான்கு வருஷமாக அந்த வண்டியில் அவள் செய்த வேலை, ஆயுத பூஜைக்கு சந்தனம் குங்குமம் வைத்தது மட்டும்தான். டூல்ஸ் பெட்டியை அரசப்பன் யாரையும் தொட விடமாட்டார்.  இப்போது இடது கையால் பெட்டியை இழுத்து அவள் பக்கம் தள்ளினார்.

"புடவையை நல்லா இழுத்துச் சொருவிக்க. என்ஜின் ஆறட்டும். சூட்டுல கை வைக்காத."

ஒரு மணி நேரம் ஆறவிட்டார்கள். பானெட்டைத் திறந்தபோது உள்ளே எல்லாம் வெள்ளை பூத்திருந்தது. உப்புக் காற்று எதையும் விடுவதில்லை. நாலு கருப்பு ஒயர் வளைந்து வந்து, ஒவ்வொன்றும் ஒரு ரப்பர் தொப்பியோடு என்ஜினுக்குள் செருகியிருந்தது.

"முன்னாலேருந்து எண்ணு. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. எல்லா ஒயரையும் ஒண்ணா புடுங்கிடாத. மாறிப்போனா வெடிக்கும். ஒண்ணைக் கழட்டு, புதுசு மாட்டு, ஒயரைச் செருவு, அப்புறம் அடுத்தது."

முதல் தொப்பியைத் திருகி இழுத்தாள். வந்தது. ப்ளக்கைச் சுற்றி மண்ணும் உப்பும் படிந்திருந்தன.

"ஸ்பேனரைப் போடு."

"இருங்க. இதைக் கழட்டினா இந்த மண்ணெல்லாம் உள்ள விழாதா?"

அரசப்பன் குனிந்து பார்த்தார். "விழும்," என்றார். "சைக்கிள் பம்பு எங்க இருக்குது?"

பம்பு வைத்து ஊதினாள். முகமெல்லாம் புழுதி. பிறகு ப்ளக் ஸ்பேனரை இறக்கி, கம்பியைக் குறுக்கே செருகி, அவர் சொன்னபடி இடது பக்கம் திருப்பினாள். லேசாகக் கிறீச்சிட்டது, இளகியது. கையாலேயே சுற்றி வெளியே எடுத்தாள். முனை வெளிறிய காப்பி நிறத்தில் இருந்தது.

"இது நல்லாத்தான் எரிஞ்சிருக்குது. பரவால்ல, புதுசு போட்டுடு."

புது ப்ளக்கின் முனையில் இரும்பு அறுக்கிற ஆக்சா பிளேடை விட்டு இடைவெளி சரிதானா என்று பார்க்கச் சொன்னார். சரியாக இருந்தது. ஸ்பேனர் போடாமல், விரலால் மட்டும் முதலில் சுற்றச் சொன்னார். அதை அவர் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. திருகு மரை கோணலாக ஏறினால் விரலுக்கே தெரியும். மெஷின் திருகாணியை எத்தனை முறை மாட்டியிருக்கிறாள். கடைசியில் ஸ்பேனரால் கால் சுற்று இறுக்கினாள். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும் அப்படியே. மூன்றும் ஒரே நிறம்.

நாலாவதின் தொப்பியில் கை வைத்தபோது அரசப்பன் சொன்னார்:

"போதும், சுலோ. அதை விட்டுடு."

"ஏன்?"

"மூணு மாத்திட்ட இல்ல? அதுவே போதும். இப்ப ஸ்டார்ட் பண்ணிப் பாப்போம்."

"மூணும் நல்லாத்தானே எரிஞ்சிருக்குதுன்னு நீங்களே சொன்னீங்க. அப்ப கெட்டுப்போனது இதுதானே?"

 அவர் கட்டிலுக்குப் போய் உட்கார்ந்தார். சுலோசனா ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டே அவர் எதிரில் வந்து நின்றாள். அவர் மாவுக்கட்டின் ஓரத்தில் நூலை இழுத்துக்கொண்டிருந்தார்.

"போன வருஷம் நாலையும் மாத்தினேன்னு சொன்னேன் இல்ல," என்றார் கடைசியில். "மூணுதான் மாத்தினேன். அது அசையவே இல்ல. துரு புடிச்சு இறுகிப்போயிருக்குது. அழுத்தித் திருப்பினா உள்ள மரையோட புடுங்கிட்டு வந்துடும். வந்துச்சுன்னா அவ்ளோதான், என்ஜின் ஹெட்டையே கழட்டி மெட்ராசுக்கு அனுப்பணும். பயந்துட்டு அப்படியே மூடிட்டேன்."

"சுப்ராயன் கிட்ட காட்டியிருக்கலாமே?"

"அவன்கிட்ட நானே மாத்திக்கிறேன்னு பெருமையா சொல்லிட்டு வந்துட்டேன். அப்புறம் எப்படிப் போய் நிக்கறது?"

சுலோசனாவுக்குக் கோபம் வந்தது. ஒரு வருஷம்! ஒவ்வொரு காலையும் அந்த ப்ளக்கை நம்பித்தான் எழுபது பேருக்குத் தண்ணீர் போயிருக்கிறது. வாய் வரை வந்ததைச் சொல்லவில்லை. தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்த மனுஷனிடம் அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று தோன்றியது. தவிர, அவர் பயந்தது நியாயமான பயம்தான் என்றும் தோன்றியது.

"மெஷின்ல திருகாணி இறுகிப்போனா எண்ணெய் விட்டு ஊற வெப்பேன்," என்றாள். "இதுக்கு ஆவுமா?"

அரசப்பன் நிமிர்ந்தார். "மண்ணெண்ணெய் கொஞ்சம் கலந்துக்க. ஆனா நேரமாவும்."

"ஆவட்டும்."

மெஷின் எண்ணெயையும் மண்ணெண்ணெயையும் ஒரு மூடியில் கலந்து, எண்ணெய் டப்பாவின் மூக்கால் ப்ளக்கைச் சுற்றிச் சொட்டுச் சொட்டாக விட்டாள். உள்ளே போய், பாதி தைத்திருந்த ஜாக்கெட்டை முடித்தாள். திரும்பி வந்து இன்னும் கொஞ்சம் விட்டாள். அரிசி களைந்து வைத்துவிட்டு மறுபடி வந்தாள். கடல் பக்கமிருந்து காற்று வீசத் தொடங்கியிருந்தது. கமலாம்பாள் படலுக்கு இந்தப் பக்கமே வந்து உட்கார்ந்துவிட்டாள்.

ஐந்தரை மணிக்கு ஸ்பேனரை இறக்கினாள்.

"ஒரே மூச்சா திருப்பாத," என்றார் அரசப்பன். குரல் தாழ்ந்திருந்தது. "கொஞ்சம் அழுத்திப் பாரு. வரலன்னா விட்டுடு."

அழுத்தினாள். கல் மாதிரி இருந்தது. கொஞ்சம் கூட்டினாள். ஸ்பேனர் நழுவி விரல் முட்டி இரும்பில் இடித்தது. தோல் உரிந்து ரத்தம் எட்டிப் பார்த்தது. முந்தானையில் துடைத்துக்கொண்டு மறுபடி பிடித்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். கண் திறந்திருந்தால் கை சொல்வது கேட்கவில்லை.

ஏதோ நகர்ந்தது. அரிசி அளவுகூட இருக்காது.

"அசைஞ்சுது."

"நிறுத்து! இப்ப வலது பக்கம் திருப்பு. திரும்ப உள்ள போவட்டும். எண்ணெய் விடு. அப்புறம் மறுபடி இடது பக்கம்."

அப்படியே செய்தாள். கொஞ்சம் வெளியே, கொஞ்சம் உள்ளே, ஒரு சொட்டு எண்ணெய். ஒவ்வொரு தடவையும் முன்னைவிட ஒரு நூல் கூடுதலாக வந்தது. எத்தனை தடவை என்று யாரும் எண்ணவில்லை. அரசப்பன் தன்னை அறியாமல் இடது கையை அவளோடு சேர்ந்து திருப்பிக்கொண்டிருந்தார். அரை மணி நேரம் கழித்துத் திடீரென்று கம்பி லேசானது. ஸ்பேனரை எடுத்துவிட்டு விரலால் சுற்றினாள். ப்ளக் அவள் உள்ளங்கைக்கு வந்தது.

முழுக்கக் கரி. முனை தேய்ந்து கூழாங்கல் போல உருண்டிருந்தது. அரசப்பன் அதைப் பார்க்கவில்லை. டார்ச் அடித்து அது இருந்த ஓட்டைக்குள் எட்டிப் பார்த்தார்.

"மரை நல்லா இருக்குது, சுலோ!" என்றார். கமலாம்பாள் "அப்பாடா" என்றாள், என்ன மரை, எது நல்லா இருக்கிறது என்று தெரியாமலே.

மரையில் ஒட்டியிருந்த எண்ணெயைத் துணியால் துடைத்து, நாலாவதையும் மாட்டி முடித்தபோது வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. அரசப்பன் வண்டியில் ஏறி, கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று ஆட்டிப் பார்த்து, இடது கையை வளைத்துச் சாவியைத் திருப்பினார். என்ஜின் பிடித்தது. ஆனால் பழையபடியே உதறியது.

 அவர் கத்தப்போகிறார் என்று சுலோசனா நினைத்தாள். அவர் சாவியை அணைத்துவிட்டு, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "எதை விட்டிருப்போம்?" என்று கேட்டார். விட்டிருப்போம் என்றுதான் கேட்டார்.

அவள் ஒவ்வொரு தொப்பியாக அழுத்திப் பார்த்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, ஒன்றும் அசையவில்லை. நாலாவது, கட்டைவிரலுக்குக் கீழே 'டக்' என்று இன்னும் கொஞ்சம் உள்ளே இறங்கியது.

"இப்ப போடுங்க."

இந்த முறை என்ஜின் ஒரே சீராக ஓடியது. பானெட்டில் கை வைத்தாள். அதிர்வு மெல்லியதாக, ஒரே அளவாக இருந்தது. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. கமலாம்பாள் எழுந்து, "அப்ப நான் குடம் தூக்க வேணாம்," என்று சொல்லிக்கொண்டே போய்விட்டாள்.

மறுநாள் நாலரை மணிக்கு நடராசன் வந்தான். சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொண்ட என்ஜினைக் கேட்டு அவன் கண் விரிந்தது.

"யாருண்ணா வந்து பாத்தது? சுப்ராயன் வந்துட்டாரா?"

"சுலோசனாதான் பண்ணா," என்றார் அரசப்பன்.   "நாலாவது ப்ளக்கை நான் போன வருஷம் மாத்தவே இல்லடா. மாத்திட்டேன்னு உன்கிட்டயும் பொய்தான் சொன்னேன். அதைக் கழட்ட எனக்குத் தைரியம் இல்ல. இவதான் கழட்டினா."

 "சரிண்ணா," என்றான் நடராசன். வாசலில் நின்றிருந்த சுலோசனாவைப் பார்த்து, "வர்றேன் அண்ணி," என்று வழக்கத்தைவிடக் கொஞ்சம் மரியாதையாகச் சொன்னான். வண்டி தெருமுனையில் திரும்பி ஏரிக்கரைப் பக்கம் போனது. சத்தம் தேயும்வரை இருவரும் நின்று கேட்டார்கள். எங்கேயும் விக்கவில்லை.

"விரல் எரியுதா?" என்றார் அரசப்பன்.

"லேசா."

"நீ உக்காரு. டீ நான் போடறேன்."

"ஒரு கையாலயா?"

"நீ எண்ணெய் விட்டு ஊற வெக்கலயா? நானும் மெதுவா பண்றேன்."

அடுப்படியில் பாத்திரம் ஒன்று விழுந்து உருண்டது. அவள் எழுந்து போகவில்லை. ரொம்ப நேரம் கழித்து வந்த டீயில் சர்க்கரை இரண்டு பங்கு இருந்தது. முழுவதும் குடித்தாள்.